சும்மாதான் கேட்டேன்

ஜூன் 14

சின்னவளுக்கு,

பெட்டியை அனுப்பிவிட்டேன். இரண்டே நாளில் வந்துவிடும் என்று லாரிக்காரன் சொன்னான். அவன் இரண்டு நாள் என்றால் நீ ஒரு வாரம் என்று எடுத்துக்கொள். நம் பாட்டு நோட்டுகள், வானொலி நிலையத்துக் கடிதங்கள், கச்சேரி நோட்டீஸ்கள், அப்பா வெட்டி ஒட்டி வைத்த பத்திரிகைத் துண்டுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. பழைய பேப்பர்காரனிடம் போட மனசு வரவில்லை. பிரித்துப் பார்க்கவும் மனசு வரவில்லை. நீ காலேஜில் இசை வரலாறு சொல்லிக்கொடுக்கிறவள். இந்த மாதிரிக் குப்பையோடு குடும்பம் நடத்த உனக்குத்தான் பழக்கம். வேண்டியதை வைத்துக்கொள், மிச்சத்தை என்ன வேண்டுமானாலும் செய்.

வீட்டுக்காரர் செப்டம்பர் கடைசி வரைக்கும்தான் நேரம் கொடுத்திருக்கிறார். இடித்துக் கட்டப்போகிறாராம். இருபத்திரண்டு வருஷம் இருந்த வீடு. உன் அத்தான் போனபிறகு இதில் பாதியைத்தான் புழங்குகிறேன், மூன்று மாடி ஏற முட்டியும் ஒத்துழைப்பதில்லை. இருந்தாலும் போ என்று ஒருத்தர் சொல்லும்போது சுருக்கென்றுதான் இருக்கிறது.

உன் வீட்டில் அந்தச் சின்ன அறை காலியாகத்தான் கிடக்கிறது, வந்துவிடு என்று எழுதியிருந்தாய். யோசிக்கிறேன். அவசரப்படுத்தாதே. நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்து முப்பத்துமூன்று வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் கல்யாணத்திலும் சாவிலும் பார்த்துக்கொண்டதோடு சரி.

போன் பண்ணாதே. போனில் நீ அழுவாய், நான் வைத்துவிடுவேன். எழுது.

அக்கா


ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

பெட்டி ஒன்பதாம் நாள் வந்தது. நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வாசலில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறான். கீழ்வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் மேலே தூக்கிக் கொடுத்தார்கள். "என்ன ஆன்ட்டி, உள்ள கல்லா?" என்றான் ஒருவன். காகிதம் என்றேன். நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தரையில் உட்கார்ந்து பிரித்தேன். எழுந்திருக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டது. எவ்வளவு இருக்கிறது அக்கா! நாம் முதன்முதலாகச் சேர்ந்து பாடிய நோட்டீஸில் உன் பெயர் பெரிதாக, என் பெயர் பொடி எழுத்தில். குரல் தேர்வுக்கு நாம் போட்ட மனுவின் நகல். நிலையத்திலிருந்து எந்தத் தேதியில் வரச்சொன்னார்கள் என்ற கடிதம். முடிவுக் கடிதத்தை மட்டும் காணோம். அவர்கள் அனுப்பவே இல்லை என்று நீ அன்றைக்குச் சொன்னாய், சரிதான் போலிருக்கிறது.

ஒரு அனுமதி கேட்கத்தான் எழுதுகிறேன். இந்த வருஷம் இரண்டாம் ஆண்டுக்கு மூல ஆவணங்களை வைத்து இசை வரலாறு நடத்து என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். சொல்ல அவருக்கென்ன, கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். ஆவணக் காப்பகத்தில் போய்க் கேட்டேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகளா, உள்ளேயா என்று அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. எதைக் கேட்டாலும் போனைத் தடவி அரை நிமிஷத்தில் பதில் சொல்வார்கள். அந்தப் பதிலை யார் எழுதினார்கள், எப்போது, எதற்காக என்று கேட்டால் முழிப்பார்கள்.

நம் பெட்டியை வகுப்புக்குக் கொண்டுபோகட்டுமா? பெயர்களை எல்லாம் காகிதப் பட்டை ஒட்டி மறைத்துவிடுவேன். நீ 'அ', நான் 'ஆ'. சேர்ந்து பாடிய இரண்டு பெண்கள் ஏன் பாடுவதை நிறுத்தினார்கள் என்று பிள்ளைகள் ஆதாரத்தோடு எழுதவேண்டும். கண்டுபிடித்தால் எனக்கும் சொல்லச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வெள்ளிக்கிழமை உனக்குத் தொண்டை போய்விட்டது என்றாய், அடுத்த மாதம் குடிநீர் வாரியத்தில் குமாஸ்தா ஆனாய், அதற்கடுத்த வருஷம் கல்யாணம் செய்துகொண்டு ஊரைவிட்டே போனாய். பாதிப் பாட்டில் விட்டுவிட்டுப் போன மாதிரி நான் நின்றேன். நின்றவள் வாத்தியாரம்மா ஆகிவிட்டேன்.

சரி, அதை விடு. அனுமதி கொடுப்பாயா?

சின்னவள்


ஜூலை 5

சின்னவளுக்கு,

அனுமதி கேட்கிற கடிதத்திலேயே குத்திக்காட்டவும் உன்னால்தான் முடியும். தொண்டை போயிற்று என்று அன்றைக்கே சொன்னேன். டாக்டர் சீட்டு வேண்டுமா?

கொண்டுபோ. அறுபது வயதில் என்னை 'அ' ஆக்கிவிட்டாய், எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி. பேனாவை யாரும் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டக் கூடாது. ஸ்வரம் எழுதின தாள்களை ஜாக்கிரதையாக வை, அதில் சில பாட்டு வாத்தியாரோடு போனவை, வேறு எங்கும் கிடையாது.

தேர்வு முடிவைப் பற்றியெல்லாம் இப்போது கிளறாதே. யாருக்கு என்ன பிரயோஜனம்.

இங்கே சாமான் ஒழிக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு அலமாரி என்று ஆரம்பித்தேன், இப்போது ஒரு நாளைக்கு ஒரு தட்டு. இருபத்தேழு காலி ஜாம் பாட்டில் எதற்குச் சேர்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. உன் அறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம்? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

அக்கா


ஜூலை 29

அன்புள்ள அக்காவுக்கு,

ஜன்னல் கிழக்கே. காலையில் வெயில் வரும், பத்து மணிக்குப் போய்விடும். அறையிலிருந்த புத்தகங்களை எல்லாம் கூடத்துக்கு மாற்றிவிட்டேன். கட்டில் போட்டால் மேஜை போட முடியாது, மேஜை போட்டால் நீ திரும்ப முடியாது. வந்து பார்த்துத் தீர்மானம் செய்.

வகுப்பு ஓடுகிறது. ஓடுகிறது என்றால் நான் இழுக்கிறேன் என்று அர்த்தம். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம், மின்விசிறி ஒன்று சுற்றாது, இன்னொன்று சுற்றும்போது முனகும். ஒவ்வொரு தாளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு எண் கொடுத்து வைத்திருக்கிறேன், மொத்தம் எழுபத்திரண்டு. பலகையில் முதல் நாளே மூன்று கேள்வி எழுதிவிட்டேன். எழுதியது யார், யாருக்கு? எந்தத் தேதி? பின்பக்கம் என்ன இருக்கிறது? மூன்றாவது கேள்விக்குச் சிரித்தார்கள். பழைய காலத்தில் யாரும் தாளை வீணாக்கமாட்டார்கள், முதுகைத் திருப்பிப் பார்த்தால்தான் பாதி வரலாறு தெரியும் என்று சொன்னேன். சொல்லும்போதே நாலு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

தூங்காத ஒருத்தி இருக்கிறாள். முதல் வாரமே வீட்டிலிருந்து பூதக்கண்ணாடி கொண்டுவந்தாள், அதிலிருந்து வகுப்பே அவளைப் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுகிறது. போன வாரம் கேட்டாள், "மேடம், இந்த அ-வுக்கு ரொம்ப வீம்பா? எல்லா நோட்டீஸ்லயும் அவங்க பேருதான் மேல இருக்கு." மூத்தவள் பெயர் மேலே வருவது வழக்கம் என்றேன். "ஆ-வுக்கு அது கஷ்டமா இருந்திருக்குமே" என்றாள். இல்லை, பிடித்திருந்தது என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, ஆதாரம் இருந்தால் எழுது என்றேன்.

அவர்கள் உன்னைப் பற்றிப் பேசுவதைக் கேட்க ஒரு மாதிரி சுகமாக இருக்கிறது அக்கா. முப்பத்துமூன்று வருஷமாக உன்னைப் பற்றிப் பேச எனக்கு யாருமில்லை.

முட்டிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். வா.

சின்னவள்


ஆகஸ்ட் 9

அக்கா,

பதினேழாம் எண் தாள். வாத்தியார் கடைசியாக ஆரம்பித்த பாட்டின் ஸ்வரம், உன் கையெழுத்து. ஸ்வரம் மேலே தெரிகிற மாதிரி உறையில் போட்டு, 'ஸ்வரக் குறிப்பு' என்று பட்டியலில் எழுதிவிட்டேன். அந்தப் பாட்டு எனக்குத் தலைகீழாகத் தெரியும், அதனால் அடுத்த தாளுக்குப் போய்விட்டேன். பின்பக்கம் பார் என்று பலகையில் எழுதிய நான், என் வீட்டுத் தாளைத் திருப்பவில்லை.

நேற்று அந்தப் பெண் திருப்பினாள். "மேடம், இதுல டைப் அடிச்ச லெட்டர் இருக்கு" என்றாள். படி என்றேன். நான் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பக்கங்களில்தான் பட்டை ஒட்டியிருந்தேன். பின்பக்கத்தில் ஒன்றுமே மறைக்கவில்லை. அவள் உன் பெயரை வாசித்தாள். வீட்டு முகவரியை வாசித்தாள். பிறகு என் பெயரை வாசித்தாள், முதலெழுத்தோடு. வாசித்த பிறகுதான் அவளுக்கே புரிந்தது. நிறுத்திவிட்டாள். முப்பத்தெட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். முழுசாகப் படி என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. பழக்கதோஷம்.

நீ மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். தேதி மார்ச் 7.

"தாங்கள் இருவரும் சேர்ந்து பங்கேற்ற குரல் தேர்வின் முடிவு: இளையவரின் குரல் தனி ஒலிபரப்புக்குத் தகுதியுடையது எனக் குழு கருதுகிறது. மூத்தவரின் குரல் தற்போதைய நிலையில் தகுதி பெறவில்லை. இளையவர் தனியாகப் பாட முன்வந்தால் ஏப்ரல் மாதத்திலேயே நேரம் ஒதுக்கப்படும். பதினைந்து நாட்களுக்குள் பதில் எழுதவும்."

அதற்குக் கீழே பென்சிலில், உன் கையெழுத்தில், பதிலின் நகல். மார்ச் 12. "என் தங்கைக்குத் தனியாகப் பாட விருப்பமில்லை. ஆகவே எங்கள் மனுவைத் திரும்பப் பெறுகிறோம்."

இது என்ன, அக்கா?


ஆகஸ்ட் 17

சின்னவளுக்கு,

அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கையில் கிடைத்த தாளில் ஸ்வரத்தை எழுதிவிட்டேன் போலிருக்கிறது. ஸ்வரம் எழுதின தாளைக் கிழிக்கிற பழக்கம் நம் வீட்டில் கிடையாதே, அதனால் தப்பிவிட்டது.

என்ன என்று கேட்கிறாய். அதில் இருப்பதுதான். தபால்காரர் தெருமுனையிலேயே என் கையில் கொடுத்துவிட்டார், மூன்று நாள் அந்தக் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். ஐந்து வயதில் உன்னை உட்காரவைத்து முதல் ஸ்வரம் சொல்லிக்கொடுத்தது நான். நீ சுருதி விட்டால் உன் தொடையில் தட்டுவது நான். உனக்கு மேல்ஸ்தாயி எட்டாதபோது உன் பங்கையும் சேர்த்துப் பாடியது நான். நீ தேறிவிட்டாய், நான் தேறவில்லை என்று டைப் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். வயிறு எரிந்தது. பொறாமை. வேறு பெயர் வைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

ஆனால் ஒன்று. உன்னை நான் கேட்டேன். சாப்பிடும்போது, உன்னை மட்டும் கூப்பிட்டால் போவாயா என்று கேட்டேன். மாட்டேன் என்றாய். யோசிக்கக்கூட இல்லை. நீ சொன்னதைத்தான் எழுதி அனுப்பினேன்.

தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு உன் பக்கத்தில் உட்கார்ந்து பாட என்னால் முடியவில்லை. நீ ஒவ்வொரு தடவை வாயைத் திறக்கும்போதும் அந்தக் கடிதம்தான் கேட்டது. அதனால் நிறுத்தினேன். அத்தானுக்குக்கூடத் தெரியாது.

உன் அறையைப் பற்றி இனி யோசிக்கவேண்டாம். இங்கே முதியோர் இல்லம் ஒன்றில் கேட்டிருக்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 24

அக்கா,

நீ கேட்கவே இல்லை.

அப்படி ஒரு கேள்வியை யாராவது என்னிடம் கேட்டிருந்தால் எனக்கு மறக்குமா? அந்த மாதம் நான் தினமும் தபால்காரரைப் பார்க்க வாசலில் நின்றது உனக்குத் தெரியும். "முடிவு வந்துச்சா, வந்துச்சா" என்று உன் உயிரை வாங்கினேன். "அவங்களுக்கு நம்ம ஞாபகமே இருக்காது, போய்ப் படு" என்றாய். கைப்பையில் கடிதத்தை வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறாய்.

எனக்கு ஐம்பத்துநாலு வயது. இருபத்தொன்பது வருஷமாக அடுத்தவர்கள் பாடியதைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன். யார் எந்த வருஷம் எந்த மேடை ஏறினார்கள் என்று கேள்வித்தாள் எடுக்கிறேன். விடைத்தாள் திருத்தித் திருத்தித் தோள்பட்டை இறங்கிப்போயிற்று. என்னிடம் சரக்கு இல்லை, அக்காவின் நிழலில்தான் பாடினோம், அவள் போனதும் வெளுத்துவிட்டது என்று நானே நம்பிக்கொண்டு காலத்தை ஓட்டினேன். ஒரு தாளைக் காட்டியிருந்தால் போதுமே. காட்டிவிட்டுக் கிழித்திருந்தால்கூடப் பரவாயில்லையே.

வகுப்புக்குப் போய் மூன்று நாள் ஆகிறது. காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் முகத்தில் எப்படி முழிப்பது?

புத்தகங்களைத் திரும்பவும் அந்த அறையில் அடுக்கிவிட்டேன். நீ பார்த்த இடத்துக்கே போ.


செப்டம்பர் 6

சின்னவளுக்கு,

முதியோர் இல்லத்தில் மாடியில் இடம் இருக்கிறதாம். அறைக்கு இரண்டு பேர். முப்பதாம் தேதி வரச்சொல்லியிருக்கிறார்கள். கூட இருக்கப்போகிற அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன், நாள் முழுக்கத் தொலைக்காட்சி பார்ப்பாராம். எனக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன்.

உன்னை நான் கேட்டேன். திட்டுவதற்கு உனக்கு எல்லா உரிமையும் உண்டு, ஆனால் கேட்கவே இல்லை என்று மட்டும் சொல்லாதே. அது ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் தூங்கினேன்.

அக்கா


செப்டம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் நீளமாக இருக்கும். உட்கார்ந்து படி.

காய்ச்சலை எத்தனை நாள் நீட்டமுடியும்? ஐந்தாம் நாள் காலேஜுக்குப் போனேன். பிள்ளைகள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது, அதுதான் தாங்கமுடியவில்லை. கட்டுரையைச் சமர்ப்பிக்க ஒரு வாரம் கூடுதலாகக் கொடுக்கிறேன், பதினேழாம் தாளை விட்டுவிட்டும் எழுதலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்படிச் சொன்னதற்கு எனக்கே கூசியது.

போன திங்கட்கிழமை அந்தப் பூதக்கண்ணாடி ஆசிரியர் அறைக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்றால் வரவில்லை.

"மேடம், கட்டுரை முடிக்க முடியல."

"ஏன்?"

"அ-வோட கையெழுத்துல பதில் இருக்கு. அதுல ஆ-வுக்கு விருப்பமில்லைன்னு எழுதியிருக்கு. ஆனா ஆ என்ன சொன்னாங்கன்னு ஆ எழுதினது ஒண்ணுமே பெட்டியில இல்ல. ஒரு தரப்பை மட்டும் வச்சுக்கிட்டு எப்படி எழுதுறது?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "ஆ-கிட்ட ஏதாவது நோட்டு இருந்தா, அவங்க தேடிப் பார்ப்பாங்களா மேடம்?"

அவளுக்கு என் பெயர் தெரியும். அந்தத் தாளை உரக்க வாசித்ததே அவள்தான். அப்படியிருந்தும் ஆ, ஆ என்று அவள் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. தேடச் சொல்கிறேன் என்றேன்.

உன் நோட்டுகளை எல்லாம் எண் போட்டு உறையில் போட்டவள், என் நோட்டு ஒன்று இருப்பதை நினைக்கவே இல்லை பார். வாத்தியார் நம் இரண்டு பேரையும் தினசரிப் பயிற்சியை எழுதிவைக்கச் சொல்வாரே, அந்த நோட்டு. என்னுடையது என் சான்றிதழ்களோடு இரும்பு அலமாரியில் அடியில் கிடந்தது. நம் ஆவணம் நமக்கு ஆவணமாகத் தோன்றுவதில்லை. மார்ச் 11-ஐ எடுத்தேன். எழுத்துக்கு எழுத்து இங்கே எழுதுகிறேன்.

"செவ்வாய். காலை ஒன்றரை மணி, மாலை ஒரு மணி. மேல்ஸ்தாயி கொஞ்சம் தேவலை. சாப்பிடும்போது அக்கா கேட்டாள், உன்னை மட்டும் கூப்பிட்டால் போவாயா என்று. மாட்டேன் என்றேன். ஏன் கேட்கிறாய் என்றேன். சும்மாதான் கேட்டேன் என்றாள். நல்ல வேளை. தனியாக மைக் முன்னால் உட்காரச் சொன்னால் செத்தே போவேன்."

நீ கேட்டிருக்கிறாய். நான் சொன்னது தப்பு. மன்னித்துவிடு.

அந்தப் பக்கத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. 'நல்ல வேளை' என்று நான்தான் எழுதியிருக்கிறேன் அக்கா, சுழி சுழியாக, என் எழுத்து. எனக்குப் பயமாக இருந்திருக்கிறது. நீ போன பிறகு தனியாக ஒரு மனு போட்டுப் பார்த்திருக்கலாம். இரண்டாவது வருஷம், மூன்றாவது வருஷம், எப்போது வேண்டுமானாலும். நான் போடவே இல்லை. உன்மேல் பழியைப் போட்டுவிட்டால் எனக்குப் பயம் என்று சொல்லவேண்டிய அவசியம் இல்லை பார். சௌகரியமாக இருந்தது.

புதன்கிழமை நோட்டை வகுப்புக்குக் கொண்டுபோனேன். பட்டை எதுவும் ஒட்டவில்லை. எழுபத்துமூன்றாம் எண் என்று சொல்லி மேஜையில் வைத்தேன். வரிசையாக வந்து படித்தார்கள். ஒரு பையன் படித்துவிட்டு என்னிடம், "தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனான். எதற்கு என்று அவனுக்கும் தெரிந்திருக்காது.

வெள்ளிக்கிழமை அவள் கட்டுரை வந்தது. கடைசிப் பத்தியை அப்படியே தருகிறேன். "அ கேள்வி கேட்ட நாளில் கடிதம் அவர் கையில் இருந்தது. ஆ-வுக்குக் கடிதம் வந்ததே தெரியாது. காரணம் கேட்டபோது சும்மா என்று சொல்லப்பட்டது. எனவே ஆ சொன்ன 'மாட்டேன்' என்பதை அந்தக் கடிதத்துக்கான பதிலாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் 'நல்ல வேளை' என்பது ஆ தானாக எழுதியது. அதற்கு அ பொறுப்பில்லை."

நான் இருபத்தொன்பது வருஷத்தில் இதைவிட நல்ல விடைத்தாள் திருத்தியதில்லை. திருத்துவதற்கு அதில் ஒன்றுமில்லை. மதிப்பெண் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இப்போது உன்னை ஒன்று கேட்கப்போகிறேன். சும்மா கேட்கவில்லை. எல்லாவற்றையும் முன்னால் வைத்துவிட்டுக் கேட்கிறேன்.

என் கோபம் போகவில்லை. காலையில் பல் துலக்கும்போது வரும், பஸ்ஸில் வரும். நீ இங்கே இருந்தால் உன் முகத்துக்கு நேராகவே வரும், சில நாள் பேசமாட்டேன். நான் இப்போதெல்லாம் சிடுசிடுவென்று இருக்கிறேன், கேட்டால் அந்தப் பிள்ளைகள் சொல்வார்கள். அறை சின்னது. புத்தகங்களை மறுபடியும் கூடத்துக்கு எடுத்துவிட்டேன், மூன்றாவது தடவை எடுக்க என் இடுப்பில் தெம்பில்லை. இங்கேயும் மாடி இருக்கிறது, ஒன்றுதான், ஆனால் கைப்பிடி ஆடும். ராத்திரியில் வானொலி வைத்துக்கொண்டுதான் எனக்குத் தூக்கம் வரும். உன்னை நான் மன்னித்துவிட்டேனா என்று கேட்டால் இன்றைய தேதிக்கு இல்லை. நீ இல்லாமல் இருக்க முடிகிறதா என்று கேட்டால் அதுவும் இல்லை.

இவ்வளவும் தெரிந்தபிறகு, வருவாயா?

சின்னவள்


செப்டம்பர் 21

சின்னவளுக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். மூட்டை கட்டிய சாமான்மேல் உட்கார்ந்து.

'சும்மாதான் கேட்டேன்' என்று நான் சொன்னதை நான் மறந்துபோயிருந்தேன். நீ மாட்டேன் என்றது மட்டும் வார்த்தை மாறாமல் ஞாபகம் இருந்தது. எனக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டிருக்கிறேன். அந்தப் பெண் எழுதியது சரி. என் கேள்வி கேள்வியே இல்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இதை எழுத இரண்டு நாள் ஆயிற்று. நீ உடனே ஒன்றும் சொல்லவேண்டாம்.

இல்லத்தில் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். தொலைக்காட்சி அம்மாவுக்கு வருத்தம்தான், நான் அதிகம் பேசமாட்டேன் என்பது அவருக்குப் பிடித்திருந்ததாம். முப்பதாம் தேதி காலை வண்டி. ஸ்டேஷனுக்கு வராதே, அன்றைக்கு உனக்கு வகுப்பு. சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டுப் போ.

நீ உன் தரப்பைச் சொன்னாய், நானும் சொல்லிவிடுகிறேன். விடிவதற்கு முன்னால் எழுந்து பாத்திரத்தை உருட்டுவேன். சமையலில் மூக்கை நுழைப்பேன். நீ பேசாத நாளில் நானும் பேசமாட்டேன், என் வீம்பு உன் வீம்பைவிட மூத்தது. இது எல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. உன் குரலைக் கேட்கவேண்டும் என்று இருக்கிறது. நான் சேர்ந்து பாடாமல், நீ மட்டும் தனியாகப் பாடிக் கேட்கவேண்டும். நன்றாக இருந்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும், சின்னவளே. தெரிந்துகொண்டு பாடு.

அக்கா